பேர் ஒண்ணு, ஆள் ரெண்டு

"அங்க பாரு தெசாங்கா, கேட்டுல பூ வைக்க இடமே இல்ல. இப்ப மதில் மேல வைக்க ஆரம்பிச்சுட்டாங்க!"

ஜன்னல் திரையை விரலளவு விலக்கி எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் எழுத்தாளர் நெனாட் பிராலிச். வயிறு எரிந்தது.

எதிர்வீடு கால்பந்து வீரன் நெனாட் பிராலிச்சுடையது. பெயர் ஒன்று, தெரு ஒன்று, உறவு மட்டும் கிடையாது. இஸ்தான்புல் வரைக்கும் போய் ஆடிச் சம்பாதித்துவிட்டு, ஊரோடு வந்து செட்டிலான தனிக்கட்டை. வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய கேட்டில் கிளப்பின் சிவப்பு மஃப்ளர்களைக் கட்டி, கீழே மெழுகுவத்தி கொளுத்தி, ஊரே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த நோட்டீஸால் வந்த வினை. யார் செத்தாலும் கறுப்புப் பட்டை போட்ட நோட்டீஸை மின்கம்பத்திலும் மரத்திலும் ஒட்டுவது செர்பியாவில் எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். இன்று காலையில் ஒட்டியிருந்ததில் படம் இல்லை. 'நெனாட் பிராலிச் காலமானார்' என்று பெயர் மட்டும் பெரிய எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"அடப்பாவி, மேயர் வந்துட்டான்! என் புத்தக வெளியீட்டுக்குப் பல்வலின்னு படுத்துக்கிட்டவன், இப்ப தொண்டை கிழியப் பேசுறான் பாரு!"

"ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் வா. யாராவது பாத்துடப் போறாங்க," என்றாள் அவர் மனைவி தெசாங்கா. காலையிலேயே அவள் கறுப்பு உடுத்தியிருந்தாள்.

"யாரு பாக்கப்போறா? இப்படி ஒரு வீடு இருக்கறதே அவங்க கண்ணுக்குத் தெரியல."

"வேண்டாம், வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? இப்ப நின்னு பொசுங்கு."

பொசுங்கத்தான் செய்தார். பின்னே? ஆயுசு முழுக்க எழுதியவர். ஒரு தடவை நூலகத்தில் அவர் கதை வாசித்தபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடை ஏறியது தாடிக்காரக் கிழவர் என்று தெரிந்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவருடைய நாவலை வாங்கிய ஒருவன் மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். 'முந்நூறு பக்கத்துல ஒரு கோல் கூட இல்லையேய்யா' என்றானாம். ரேடியோவில் அவரைக் கூப்பிட்டபோதுகூட, 'நீங்க நினைக்கிற நெனாட் இவர் இல்லை' என்றுதான் ஆரம்பித்தார்கள்.

"நான் கையால எழுதினேன், அவன் காலால உதைச்சான். இந்த ஊரு காலைத்தான் கும்பிடுது!" என்றார். "இந்தப் பேரைச் சொன்னா, ஒரே ஒரு நாளாவது ஜனங்க என்னை நினைக்கணும் தெசாங்கா. வேற என்ன கேட்டேன் நான்?"

வாசல் கதவு தட்டப்பட்டது. நெனாட் சட்டென்று பின்னறைக்குள் போய்விட்டார். காது மட்டும் வாசலில் இருந்தது.

பக்கத்து வீட்டு ஸொர்க்கா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"போயிட்டானே தெசாங்கா, நம்ம நெனாட் போயிட்டானே! நோட்டீஸைப் பாத்ததிலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"உள்ள வா ஸொர்க்கா, உக்காரு. காபி போட்டு வச்சிருக்கேன்," என்று ஆவலாகக் கையைப் பிடித்தாள் தெசாங்கா.

"உக்கார எங்க நேரம்? எதிர்ல அவ்வளவு கூட்டம். கடையில மெழுகுவத்தி தீந்துபோச்சு, உங்கிட்ட இருக்கான்னு கேக்க வந்தேன். அட, நீயும் கறுப்பு உடுத்தியிருக்கியா? உன் மனசு யாருக்குடி வரும்! உன் வீட்டுக்காரர் எங்க? ஒரு எட்டு வந்து தலையைக் காட்டச் சொல்லு."

"அவர் வர்ற நிலைமையில இல்ல."

"வயித்தெரிச்சல்! ஊருக்கே தெரியுமே. செத்தவன்கிட்ட கூடவா?"

தெசாங்கா அலமாரியிலிருந்த மெழுகுவத்திக் கட்டை முழுசாக எடுத்துக் கொடுத்தாள். ஸொர்க்கா ஓடிவிட்டாள்.

"அதையும் தூக்கிக் கொடுத்துட்டியா?" பின்னறையிலிருந்து சீறினார் நெனாட். "அதுவும் அவனுக்குத்தானா?"

"கேட்டா இல்லைன்னா சொல்ல முடியும்?"

வெளியே யாரோ கிளப் பாட்டை எடுத்துவிட, தெருவே சேர்ந்து பாடியது. நெனாட் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவர் எழுதிய ஒரு வரியாவது அந்தத் தொண்டைகளில் ஏதாவது ஒன்றுக்குத் தெரியுமா? தெரியாது. அது அவருக்கும் நன்றாகவே தெரியும்.

மறுபடி கதவு தட்டும் சத்தம். இந்தத் தடவை ஆற்றைப் பார்த்த சமையலறைக் கதவு. தெசாங்கா போய்த் திறந்தாள்.

சேறு அப்பிய பூட்ஸும் தோளில் தூண்டிலுமாக நின்றிருந்தான், கால்பந்து வீரன் நெனாட் பிராலிச். சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற காபிப் பொட்டலமும் சர்க்கரையும் கையில் இருந்தன. கண் கலங்கியிருந்தது.

"நேத்தே மீன்பிடிக்க மலைப்பக்கம் போயிட்டேன் அக்கா. திரும்பி வரும்போது பாலத்துக்கிட்ட நோட்டீஸைப் பாத்தேன். என் பேரைப் பாத்து எனக்கே ஒரு நிமிஷம் திக்குனு ஆயிடுச்சு. அப்புறம் கீழ படிச்சா, 'எழுத்தாளர்'னு போட்டிருக்கு. ஆத்தோரமாவே ஓடி வந்தேன்."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கூடம் முழுக்க வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன.

"என்னக்கா இது, ஒருத்தர் கூடவா வரல?"

தெசாங்கா பின்னறைப் பக்கம் திரும்பினாள்.

"வெளிய வா நெனாட். பசை காய்ச்சி நீயே ஊர் பூரா ஒட்டிட்டு வந்தியே, அதை முழுசாப் படிச்சவன் ஒருத்தன் வந்திருக்கான்."