நாலு கிளிப் போட்ட டப்பா

"மாமா, இந்த வண்டியில காத்து உள்ள போற வழி எது?"

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மாப்பிள்ளை இப்படிக் கேட்டதும், மாமனாருக்கே காற்றுப் போகும் வழி அடைத்துக்கொண்டது.

கார் இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தது. அது இருமிய இருமலில் எதிர்வீட்டுப் பூனை குடியையே மாற்றிக்கொண்டு போய்விட்டது. லீவுக்கு வந்த மாப்பிள்ளை சும்மா இருக்கக்கூடாதா? போனில் வீடியோ பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ஏர் ஃபில்டர் டப்பாவை ஒட்டின குழாயில, காத்தை அளக்குற சென்சார் இருக்காம் மாமா. டப்பாவைத் திறந்து அதைத் துடைச்சா போதுமாம்."

அந்த டப்பாவுக்குள்தான் மாமனாரின் உயிர் இருந்தது. அதாவது, ஒரு கைக்குட்டை நிறைய மிட்டாய். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து மாமியார் அவருடைய தலையணை உறையைக்கூட உதறிப் பார்ப்பார். இவர் மட்டும் லேசுப்பட்டவரா? ரத்தக் கொதிப்பு இருக்கும் மாமியார் உப்பு ஜாடிப் பக்கம் திரும்பினாலே விசில் அடிப்பார்.

"அதோ, அந்த வெள்ளை டப்பாதான்" என்று கைகாட்டினார் மாமனார்.

"அது கண்ணாடி கழுவுற தண்ணி மாமா. நமக்குக் கறுப்பு டப்பா வேணும். மூடியில நாலு கிளிப், பக்கத்துல தும்பிக்கை மாதிரி ஒரு குழாய்... ஆங், இதான்!"

"ஐயையோ, அது ஹாரன் மாப்பிள்ளை! தொட்டா நிறுத்தாம கத்தும்!" துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் ஈரத் துண்டோடு ஓடி வந்தார்.

மாமனாருக்குப் புல்லரித்தது. 'இன்னிக்கு நல்ல வெயில்' என்று இவர் சொன்னால் குடையை விரிக்கும் மனைவி, கேட்காமலே கைகொடுக்கிறாளே!

"ஹாரனா? இவ்வளவு பெருசாவா அத்தை?"

"உங்க மாமாவையே கேளுங்க. அவருக்குத் தெரியாத வண்டியா?"

"ஹாரனேதான்" என்றார் மாமனார், குரல் தழுதழுக்க. "உங்க அத்தை சொன்னா தப்பாவா இருக்கும்?"

"டயர்ல பாருங்க மாப்பிள்ளை. காத்துதானே பிரச்சனை? காத்து அங்கதான இருக்கு!" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை கேட்டால்தானே? டக், டக், டக், டக். மூடி திறந்தது.

ஃபில்டர் மேல் கைக்குட்டை மூட்டை. குழாய்க்குள் சென்சாரை அணைத்தபடி ஒரு மிட்டாய்த் தாள்.

மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு இடி விழக் காத்திருந்தார். விழவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தார். மாமியார் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

"மிட்டாய் மாமாவோடதுன்னு புரியுது" என்ற மாப்பிள்ளை, ஃபில்டரைத் தூக்கிவிட்டு அடியில் கையை விட்டார். "பூப் போட்ட குளியல் தொப்பியில சுத்தி இவ்வளவு உப்பு சிப்ஸ் இருக்கே, இது யாரோடது?"

மாமனார் மெல்லத் திரும்பினார்.

"ஏன் அப்படி முறைக்கிறீங்க?" என்று சீறினார் மாமியார். "மேல் மாடி உங்களுது, கீழ் மாடி என்னுது. ஒரு நாளாவது உங்க மிட்டாய்ல நான் கை வச்சிருப்பேனா?"