கூட்ரோட்டுக்கு மூன்று நிபுணர்கள்

"ஒருத்தர்கூட அழக் கூடாது. புரியுதா தம்பி?" என்றார் மாசிலாமணி.

"புரியுது சார்" என்றான் சுதாகர். மேடையில் மூன்று பெயர்ப் பலகைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

மாசிலாமணி சாலை ஆய்வுக் குழுவின் அதிகாரி. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், ஊர்ச் சாலை வந்து சேரும் இடம் சித்தேரிமேடு கூட்ரோடு. நான்கு வழிச் சாலையை அங்கே குறுக்கே கடந்துதான் போக வேண்டும். ஆறு வருடத்தில் பத்தொன்பது பேர் செத்திருந்தார்கள். சுரங்கப்பாதை கேட்டு ஊர்க்காரர்கள் கொடுத்த மனு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. போன கூட்டத்தில் பெண்கள் கதறி அழுதார்கள். 'உணர்ச்சிவசப்பட்ட கருத்துகள் ஏற்கப்படவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடியவர் மாசிலாமணிதான்.

அதன்பிறகு, நிபுணர்களை வைத்து ஒரு விவாதம் நடத்தித் தருகிறேன் என்று தானாகப் போய் நின்றவன் சுதாகர். விழுப்புரத்தில் ஒரு கல்லூரி விரிவுரையாளன். முப்பது வயது. அதிகம் பேசமாட்டான்.

"சுரங்கப்பாதை கட்டுற இடங்களோட இந்த வருஷத்துப் பட்டியல் இன்னைக்கு சாயந்தரத்தோட முடியுது. நிபுணருங்க மூணு பேரும் ஒரே கருத்தா சொன்னா பரிந்துரை பண்றேன். இல்லன்னா இதோட விட்டுடணும். பாதிக்கப்பட்டவங்க ஒரு ஆளுகூட ஹாலுக்குள்ள வரக் கூடாது. அதான் கண்டிஷன்."

"சரிங்க சார்."

"ஆனா இவங்க யாரு? பேரே கேள்விப்பட்டதில்ல. சென்னையிலேருந்து பெரிய ஆளா கூப்புடுறேன்னேன். வேணாம்னுட்ட."

"இவங்க மூணு பேருதான் சார் பேசணும்."

"நான் சொல்றதக் கேளுப்பா."

"இவங்கதான் சார்."

மாசிலாமணி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வாசலில் சத்தம் கேட்டது. சித்தேரிமேட்டு முனியம்மாள், கண்ணாடிச் சட்டம் போட்ட மகன் படத்தோடு வந்திருந்தாள். பின்னால் பத்துப் பெண்கள். சுதாகர் கதவை மறித்து நின்றான்.

"இன்னாப்பா இது? செத்தது எங்க புள்ளைங்கோ. எங்கள வெளிய நிறுத்திட்டு உள்ள யாரு பேசிக்கினு இருக்கப் போறாங்கோ?"

"நிபுணருங்கம்மா."

"அவுங்களுக்கு இன்னா தெரியும்? ஏசி கார்ல சொய்ங்னு போறவங்கோ."

"வெளிய ஸ்பீக்கர் வச்சிருக்கேன். எல்லாம் கேக்கும். உக்காருங்க."

"நீயும் அந்தாளோட சேர்ந்துகினியா? நெஞ்சுல இன்னா வச்சினு இருக்கிற, கருங்கல்லா?"

சுதாகர் கதவைச் சாத்தினான்.

விவாதம் தொடங்கியது. ஓய்வுபெற்ற பொறியாளர் சக்கரபாணி முதலில் பேசினார். நடுத்திட்டில் அரளி வளர்ந்திருக்கிறது, சாலையும் அங்கே வளைகிறது, கடக்கிறவர் கண்ணுக்கு அறுபது மீட்டர்தான் தெரியும் என்று படம் போட்டுக் காட்டினார்.

திண்டிவனத்திலிருந்து வந்திருந்த இயற்பியல் பேராசிரியர் ராயப்பன் கணக்குச் சொன்னார். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ், டிரைவர் ஆளைப் பார்த்து பிரேக் போட்டு நிற்க நூறு மீட்டருக்கு மேல் வேண்டும்.

எலும்பு மருத்துவர் ஷாலினி இரண்டே நிமிடம் பேசினார். "இடுப்பெலும்பு நொறுங்கினா உள்ளுக்குள்ளயே ரத்தம் போயிடும். அங்கேருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். பல பேருக்கு அவ்வளவு நேரம் இருக்காது."

மாசிலாமணி கை தூக்கினார். "ஒரு சந்தேகம். ஜனங்க அவசரப்பட்டு பூந்துடறாங்க. தப்பு அவங்க மேலதானே?"

ஷாலினியின் கை மைக்கை இறுகப் பிடித்தது. ராயப்பன் குனிந்துகொண்டார். சக்கரபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுதாகர் மணியை அடித்தான். "கேள்விக்கு பதில் சொல்லுங்க சார். நேரம் ஓடுது."

சக்கரபாணி நிமிர்ந்தார். "அவசரப்பட்டுப் போனவங்க இருக்காங்க. நின்னு, ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போனவங்களும் அதே இடத்துல செத்திருக்காங்க. பாத்தாலும் தெரியாதுங்க. அது கடக்கிறவன் தப்பு இல்ல, சாலையோட தப்பு. என் கருத்து, சுரங்கப்பாதைதான்."

"என் கருத்தும்" என்றார் ராயப்பன்.

"என்னுடையதும்" என்றார் ஷாலினி.

மாசிலாமணிக்கு வேறு வழியில்லை. அங்கேயே பரிந்துரையில் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். செல்போனில் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 'பட்டியலில் சேர்க்கப்பட்டது' என்று பதில் வரும்வரை சுதாகர் அவர் பக்கத்திலேயே நின்றான். வெளியே பெண்கள் ஏதோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேடை காலியானது. மாசிலாமணி அவன் தோளில் தட்டினார்.

"பரவாயில்லப்பா. கூட்டம்னா இப்படி இருக்கணும். சொந்தத்தப் பறிகொடுத்தவங்கள உள்ள விட்டிருந்தா நடந்திருக்குமா? நான் சொன்னபடி வெளியவே நிறுத்திட்ட பாரு. ஆமா, இந்த மூணு பேரையும் எங்க புடிச்ச?"

"அந்தக் கூட்ரோட்டு விபத்துப் பதிவேட்டுல சார்."

"என்னது?"

"செத்துப்போன பத்தொன்பது பேரு வீட்லயும் யாரு என்ன படிச்சிருக்காங்கன்னு தேடினேன்" என்றான் சுதாகர். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சக்கரபாணி சாருக்குப் பையன். ராயப்பன் சாருக்கு அப்பா. டாக்டரம்மாவுக்கு அண்ணன். கூட்டத்த நடத்தினவனுக்குப் பொண்டாட்டி."