யார் மிஷின் சரி?

பானுவுக்கு வயிறு எரிந்தது.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை முடிந்து வரும்போது, அத்தைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்த புது பி.பி. மிஷின் டி.வி. பக்கத்தில் சும்மா கிடக்கிறது. மாமியார் கங்கம்மாளோ ஒரு வாரமாகப் பக்கத்து போர்ஷனுக்குப் போய், பெரிய மருமகள் நர்மதாவின் பழைய மிஷினுக்குக் கையை நீட்டுகிறார்!

"இன்னாத்தே, என் மிஷின் கடிக்குதா?"

"உங்கிட்ட பார்த்தா நூத்தி அம்பது காட்டுது பானு. நர்மதாகிட்ட நூத்தி முப்பதுதான். உன்னுத காட்டுனா டாக்டரு மாத்திரைய ஏத்திடுவாரு."

அப்படியானால் அந்த மகராசி டாக்டரிடம் காட்டும் நோட்டில் குறைத்து எழுதி நல்ல பெயர் வாங்குகிறாள்! பானு முடிவே கட்டிவிட்டாள். அதில் அக்கறை கால் பங்கு, பொறாமை முக்கால் பங்கு.

மறுநாள் லீவு போட்டாள். அத்தை, நர்மதா, இரண்டு மிஷின்கள், எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கத்திலிருந்து கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டாள்.

"எது பொய் சொல்லுதுன்னு நீங்களே பாருங்க சிஸ்டர்!"

கிளினிக்கில் நர்ஸ் ஏஞ்சல், கங்கம்மாளை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்தாள். பிறகு இரண்டு மிஷினிலும் பார்த்தாள், கிளினிக் மிஷினிலும் பார்த்தாள். மூன்றும் நூற்று முப்பதைத்தான் காட்டின.

பானுவின் முகம் தொங்கிப்போனது.

"ஊட்ல அளக்கும்போது பேசுவீங்களாம்மா?" என்று கேட்டாள் ஏஞ்சல்.

கங்கம்மாள் நெளிந்தார். "பானுகிட்ட குந்துனா பேசாம இருக்க முடியாதும்மா. கம்பெனி கதை, சீரியல் கதைன்னு சிரிச்சிக்கினே இருப்போம். பெரியவகிட்ட கம்முனு கைய நீட்டிட்டு வந்துடுவேன்."

"அதான் ஏறுது. பேசிக்கினே அளந்தா கூடத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சும்மா குந்தி, பேசாம பாருங்க. எந்த மிஷினா இருந்தாலும் சரிதான்."

வெளியே வந்ததும் பானு, நர்மதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுக்கா. நீ கம்மியா எழுதுறன்னு நெனச்சிட்டேன். அத்தே உன்னியே தேடி வர்றாங்களேன்னு பொறாமைல வெந்துட்டேன்."

நர்மதா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

"தெனம் சாயங்காலம் நீ வந்ததும் சுவத்துக்கு அந்தாண்ட அத்தே சிரிக்கிறது எனக்குக் கேக்கும் பானு. இந்த ஊட்டுக்கு வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. எங்கிட்ட அவங்க கைய மட்டும்தான் நீட்டியிருக்காங்க."