இல்லாத பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார் காப்பீட்டு அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் பழுப்பு உறை. அதிலிருக்கும் போன வார ஸ்கேன், அவள் வயிற்றில் கட்டி என்கிறது. ஆறு வருஷம் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவர், "ஒரு தும்மலுக்குக்கூட உதவாத பாலிசி" என்று அவளைக் கிண்டலடித்தபடியே இந்த வருஷம் தள்ளிப்போட்டார். கெடுவும் அதற்கு மேல் தந்த சலுகை நாட்களும் முடிந்து பதினோரு நாளாகிறது. மின்விசிறி கறகறவென்று சுற்றுகிறது. "இப்ப கட்டினா புதுசா சேர்ற கணக்குத்தான் சார்," என்கிறாள் மேசைக்குப் பின்னாலிருக்கும் பெண். அவள் பேனா படிவத்தில் கட்டம் கட்டமாக இறங்குகிறது. பெயர், வயது, எடை. அடுத்த கேள்வியை வாத்தியார் தலைகீழாகவே படித்துவிடுகிறார். மேசைக்கடியில் அவர் கால் தரையை அழுத்துகிறது; மாணவன் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது தன் பக்கத்து பிரேக்கை மிதிக்கிற அதே கால். "வீட்டுல யாருக்காவது புதுசா நோய் ஏதும் இருக்கா சார்?" "இவளுக்கு என்னைக் கட்டிக்கிட்டதைத் தவிர வேற நோவு இல்லம்மா." பெண் சிரிக்கிறாள். மனைவி சிரிக்கவில்லை. "இருக்கும்மா," என்று உறையை மேசைமேல் வைக்கிறாள். பெண் பிரித்துப் படிக்கிறாள், பேனாவை மூடுகிறாள். "அப்ப இதுக்கு மட்டும் பணம் கிடைக்காதுக்கா," என்கிறாள் மெதுவாக. வாத்தியாரின் கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டே இருக்கிறது.