முதல் முழுக்கு

சுரங்க மேலாளருக்கு அன்று எதுவுமே பிடிபடவில்லை. வீட்டில் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. காரணம் டாக்டருக்கே புரியவில்லை. ஆபீஸுக்கு வந்தால், ஆற்றில் கழிவுநீர் விடும் குழாய் திங்கட்கிழமை ஒரு மணி நேரம் மூடிக் கிடந்திருக்கிறது. வால்வு ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

“யாரைக் கேட்டு மூடினே?”

“குழந்தைக்கு முதல் முழுக்கு சார். ஆத்துல முக்கி எடுத்த பிறகுதான் எங்க ஜனத்துல பேர் வைப்போம்.”

“உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. யார் குழந்தை?”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“உங்க பாப்பாதான் சார். உங்க வீட்டுக்காரம்மா, அக்காதான் தூக்கிட்டு வந்தாங்க. நீங்களும் எங்க ஜனம்தான்னு இங்க தெரிஞ்சா உங்களுக்குத் தலைகுனிவுன்னாங்க. அதான் சொல்லலை.”

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“தண்ணி தெளிஞ்சுதா?”

“ஒரு மணி நேரத்துல எங்க சார் தெளியும்? அக்கா கண்ணை மூடிக்கிட்டுத்தான் முக்கினாங்க.”