பின்னிருக்கை

வீட்டிலேயே கட்டிக்கொண்டிருந்த விமானத்துக்கு, என்ஜின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரின் தகட்டு அடுக்கை, அதாவது கோரை, தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஓடும் பெரிய மின்விசிறிக்கு முன்னால் செல்வின் மெல்லியது, தடித்தது என்று ஒவ்வொரு கோராகப் பிடித்தான். மறுபக்கம் அவன் மனைவி அமலி கண்களை மூடி உட்கார்ந்திருந்தாள். தகடுகளுக்கு இடையே புகுந்து வரும் காற்றை அவள் கன்னம்தான் அளந்தது. வேறு கருவி அவர்களிடம் இல்லை.

“மெல்லிசுல காத்து கொட்டுது. இதையே போடுங்க.”

“காத்து போனா போதுமா? சூட்டை வாங்கணும்ல. நேத்து இதைப் போட்டுத்தானே தண்ணி கொதிச்சுது. ரோட்டரி என்ஜின் அடுப்பு மாதிரி, அமலி.”

தடித்த கோரை எடுத்தான். தண்ணீர் நிரம்பினால் அது இன்னும் கனக்கும். அந்தக் கனத்தோடு இரண்டு பேரைத் தூக்க அவர்களுடைய சிறிய விமானத்தால் ஆகாது. பின்னிருக்கையைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு உறை தைத்தவள் அவள். தைத்து முடித்த அன்று சாயங்காலம் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நான் இளைச்சிடறேன்” என்றாள்.

“அந்த அளவுக்கு இளைச்சா உனக்கு விமானமே வேண்டாம். காத்தே தூக்கிட்டுப் போயிரும்.”

அவள் சிரித்தாள். அவன் தடித்த கோரை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

“காத்து வருதா?”

வந்தது. மெதுவாக, ஆனால் நெற்றியிலிருந்து கழுத்து வரை சீராக வந்தது. காதோர முடி பின்னால் பறந்தது. வரவில்லை என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான்; பின்னிருக்கை தப்பிவிடும்.

“அமலி, வருதா?”

“இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க” என்றாள், கண்களைத் திறக்காமல்.