நூலகருக்குக் கிடைத்த முதல் ஆள்

ஆறு வருடமாகக் கடையைத் திறந்து வைத்தும் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. திடீரென்று ஒருவர் வந்து வாசலில் நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தபோது நூலகருக்கு அப்படித்தான் இருந்தது.

"ஐயா, இந்த லினக்ஸ்னு ஒண்ணு... நிஜமாவே இலவசமா?"

உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். கம்ப்யூட்டரை இயக்க விண்டோஸ் எதற்கு, லினக்ஸ் போதும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அதன் புகழ் பாடுவார். எல்லோரும் தலையாட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். இதுவரை ஒருவர்கூடத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டதில்லை. சாவதற்குள் ஒரே ஒருவரையாவது மாற்றிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நடக்கவே நடக்காது என்பது அவர் மனைவியின் தீர்ப்பு.

"இலவசமேதான் தம்பி! லைசென்ஸ் வேணாம், பில் வேணாம். உங்க பேரைக்கூட யாரும் கேக்க மாட்டாங்க."

"பேரே கேக்க மாட்டாங்களா? அப்ப எனக்கு இதுதாங்க சரி. ஆனா உபுண்டு, மின்ட்னு நூறு வகை இருக்காமே. எதைப் போடறது?"

"செருப்புக் கடையிலகூட நூறு ஜோடி இருக்கு. எல்லாத்தையுமா மாட்டிப் பாக்கறோம்? காலைக் கடிக்காம இருந்தாப் போதும். புதுசா வர்றவங்களுக்கு மின்ட் நல்லது. பென்டிரைவ்ல இறக்கிட்டு சாயங்காலம் கூப்பிடுங்க. கூடவே இருந்து போட வைக்கறேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். "கூப்பிட்ட மாதிரிதான்! என் தம்பிகூடத்தான் 'ஆகட்டும் மச்சான்'னான். அன்னியிலேருந்து உங்க கண்ணுல படாம ஒளிஞ்சு திரியறான்."

"நீ உன் வெங்காயத்தைப் பாரு."

சொன்னபடி ஐந்து மணிக்குப் போன் வந்தது. நூலகர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா, பென்டிரைவைச் சொருகிட்டேன். ஆனா பழைய ஆளோட பாஸ்வேர்டு கேக்குது."

"வாங்கும்போதே அவர்கிட்ட கேட்டுக்கலையா?"

"அவசரத்துல... கேக்கலீங்க."

"பரவால்ல. அணைச்சிட்டு, ஆன் பண்ண கையோட எஃப் பன்னெண்டு பட்டனைத் தட்டிக்கிட்டே இருங்க. பென்டிரைவ் பேர் வரும். அதை அமுக்குங்க."

"வந்துருச்சுங்க! ஐயோ, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போடவான்னு கேக்குது. உள்ள பழைய ஆளோட சரக்கு நிறைய இருக்கும் போலிருக்கே. பாவம்."

நூலகருக்கு அவன்மேல் பாசம் பொங்கியது. அடுத்தவன் பொருளுக்கு இந்தக் காலத்தில் யார் இப்படி வருத்தப்படுகிறார்கள்?

"முக்கியமானதுன்னா அவரே ஒரு காப்பி எடுத்து வெச்சிருப்பார் தம்பி. வெக்கலைன்னா அது அவர் தலையெழுத்து. அழிங்க!"

"அழிச்சிடட்டுங்களா?"

"துளி மிச்சம் இல்லாம!"

அரை மணி நேரம் நூலகர் போனை விடவில்லை. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஐயா, பேர் கேக்காதுன்னீங்க. கேக்குதே!" அவன் பதறினான்.

"அட, அது சும்மாப்பா. வாயில வந்த பேரைப் போடுங்க."

டக் டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூச்சல். "முடிஞ்சுதுங்க! புது மெஷின் மாதிரி பளபளன்னு இருக்கு. பழைய ஆளோட அடையாளமே இல்ல. நீங்க நல்லா இருக்கணும் ஐயா!"

நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. காபி கொண்டுவந்து வைத்தாள். "அதுசரி, யாருங்க அது? உங்க நம்பர் அவருக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நல்ல காரியம்னா தானா ஊர் பூராப் பரவும்" என்றார், மீசையைத் தடவிக்கொண்டே.

மறுநாள் காலை நூலகத்தைத் திறந்தார். பின்பக்க ஜன்னல் கம்பி வளைந்திருந்தது. புத்தகங்களை யாரும் தொடவில்லை. பத்தாயிரம் புத்தகங்களின் பட்டியலை வேறெங்கும் காப்பி எடுக்காமல் அவர் வைத்திருந்த லேப்டாப்பை மட்டும் காணவில்லை. அதன் மூடியில்தான், 'லினக்ஸ் இலவசம்! சந்தேகமா? கூப்பிடுங்கள்' என்று எழுதி, தன் போன் நம்பரையும் ஒட்டி வைத்திருந்தார்.